சளியோடு இறங்கியவன்

ஏழாம் வரிசையில் ஜன்னலோரம் கிளைட்டன் இருந்தான். அவனை ஒட்டி அவன் பெண்டாட்டி ஹில்டா. நடைவழிக்கு அந்தப் பக்கம் ஹில்டாவின் அண்ணன் ரெக்சன். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சாயங்காலம் வருகிற சின்ன விமானம்.

ஹில்டா மடியில் ஒரு காக்கி உறை. கிளைட்டனுக்கு இரண்டு காதும் பழுதில்லை, ஆழ்கடல் வேலைக்குத் தகுதியானவன் என்று முந்தின நாள் சென்னை டாக்டர் எழுதிய சான்றிதழ் அதற்குள் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சம்மதக் கடிதம் எழுதி, இதையும் சேர்த்து, அவனை முக்குளிக்கும் வேலைக்கு எடுத்த மும்பைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் அடுத்த மாதம் கப்பலேறலாம்.

லாட்ஜ் ஏசியில் படுத்ததில் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் இருமிக்கொண்டு வர வேண்டாமென்று விமானத்துக்கு டிக்கெட் போட்டவள் ஹில்டாதான். மூக்கடைத்த நாளில் கிளைட்டன் சங்கு குளிக்கப் போக மாட்டான். பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழம் இறங்குகிறவனுக்கு அது தெரியாதா? ஆனால் விமானம் மேலேதானே போகிறது என்று இருந்துவிட்டான்.

மேலே போகும்போது ஒன்றுமில்லை. கீழே உப்பளங்கள் தெரிந்தபோதுதான் இடது காதைப் பொத்தினான். பணிப்பெண் மிட்டாய் கொடுத்து, எச்சில் விழுங்கச் சொன்னாள். அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பத்துப் பாகம் போகிறவனுக்கு இந்தக் காற்று தாங்கவில்லையா என்று ரெக்சன் கேலி பண்ணினான்.

"கடல்ல காது வலிச்சா ரெண்டு கை தூரம் மேல ஏறி நிப்பேன் மச்சான். இங்கன எங்க ஏற?"

சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஊதினான். சட்டென்று முகம் தெளிந்தது. வலி போய்விட்டது என்று சிரித்தான். ஹில்டாவும் சிரிக்கப் போனாள். அப்போதுதான் அவன் காதிலிருந்து ரத்தம் நூலாக இறங்கிச் சட்டைக் காலரில் ஊறுவதைப் பார்த்தாள். சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று. விமானம் தரையைத் தொட்டது, ஆட்கள் எழுந்தது, பையை எடுத்தது எதுவும் அவளுக்குப் பதியவில்லை.

மறுநாள் காலை மில்லர்புரத்து டாக்டர் பார்த்தார். காது ஜவ்வில் ஓட்டை. தன்னால் மூடும், அதுவரை காதில் தண்ணீர் படக்கூடாது, மூன்று மாதம் கடலை மறந்துவிடச் சொன்னார். சளியோடு பறக்க நேர்ந்தால் மூக்குக்குச் சொட்டுமருந்து விட்டு, இறங்க ஆரம்பிக்கும் முன்பிருந்தே விழுங்கிக்கொண்டு வர வேண்டுமாம். ஊதினாலும் மெல்ல ஊத வேண்டுமாம். கிளைட்டன் வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டான்.

வீட்டில் ரெக்சன் சொன்னான்: "ஏளா, சான்றிதழ்ல பொய்யா இருக்கு? பேசாம அனுப்பு."

ஹில்டா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். தேதி போட்டு, அனுப்புநர், பெறுநர் எழுதி, நேற்றுச் சாயங்காலம் நடந்ததை வரிசையாக எழுதினாள். மூன்று மாதம் பொறுக்கும்படி கேட்டிருந்தாள். பேனாவை வாங்கிய கிளைட்டன் அதைத் தாள்மேல் வைத்துவிட்டான்.

"வேற ஆள எடுத்திருவானுவ."

"எடுக்கட்டும். அவங்க சொல்லுத ஆழத்துல நெனச்ச உடனே மேல ஏறி நிக்க முடியுமா?"

அவன் கடிதத்தை ஒருமுறை படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

சான்றிதழ், மில்லர்புரத்து டாக்டர் எழுதிய சீட்டு, கடிதம் மூன்றையும் மடித்து வைத்து ஹில்டா உறையை ஒட்டினாள். ஸ்பீடு போஸ்ட் கவுண்டரில் அவனே நீட்டினான். அவன் இடப்பக்கமிருந்த கவுண்டர் பெண் இரண்டு தரம் பின்கோடு கேட்டாள். அவன் காதில் அது விழவில்லை. ஹில்டாதான் எண்ணைச் சொன்னாள். உறையில் முத்திரை விழுந்தது.