சுருளியாண்டி பத்திரிகையின் கறுப்பு பார்டர்

ஷெரினின் மை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பிறகு ராஜபாண்டி சொன்னார். அவர் கடையில் இருந்த மைகளும் ஐஸ்கிரீம் டப்பாக்களில்தான் இருந்தன என்பதை அவர் சொல்லவில்லை.

ராயப்பன்பட்டிக்காரியான ஷெரின் தேனிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற, தாள் கனமே உள்ள ஒரு கருவியைச் செய்வது அவள் வேலை. அதற்கு எதிரெதிரே இரண்டு கரிப் பட்டைகள் வேண்டும். எலக்ட்ரோடு என்பார்கள். துணிப்பையில் கடைப்பெயர் அடிப்பதுபோல அதை ஸ்கிரீன் பிரிண்டிங்கிலேயே அடித்துவிடலாம் என்று அவள் நம்பினாள். வழிகாட்டிப் பேராசிரியர் அரைகுறையாக நம்பினார். பஞ்சு எடுத்தபின் வீசி எறியும் இலவங்காய் ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி, காரத்தில் ஊறப்போட்டு, மறுபடி உலையில் வைத்து, கழுவி, அரைத்து, பசை சேர்த்தாள். நடுவில் கல்லூரி உலை பழுதாகி, அதைச் சரிசெய்கிறவர் தன் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டார். மழைக்காலம் முழுக்கப் போய் ஒரு டப்பா மை கிடைத்தது.

ராஜபாண்டி தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்தார். கட்டைப்பை, ஸ்டிக்கர், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அடிப்பார். கல்லூரியிலிருந்து யார் வந்தாலும் அவருக்கு டீச்சர்தான். ஷெரின் மையையும் பிளாஸ்டிக் தாள்களையும் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வாரம் கழித்துப் போனபோது தாள்கள் அடித்துக் காய்ந்து, அழகாக அடுக்கியிருந்தன. பளபளவென்று இருந்ததைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம். பையிலிருந்து, கரன்ட் போனால் கீச்சிடும் மீட்டரை எடுத்துப் பட்டையின் இரு முனையிலும் வைத்தாள். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

"அண்ணே, இது என் மை இல்லையே."

ராஜபாண்டி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கறுப்பாத்தான டீச்சர் இருக்கு?"

"கறுப்பா இருந்தா பத்தாதுண்ணே. கரன்ட் போகணும்."

"எங்கன போகணும்?"

"இந்த முனையில இருந்து அந்த முனைக்கு."

அவர் உள்ளே போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்தார். எல்லாவற்றிலும் தின்னர் வாடை. கடைசியில் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார்.

"உங்க டப்பாவ சுத்தமா கழுவி வச்சிட்டேன்" என்றார்.

அவளுடைய மை கடமலைக்குண்டு சுருளியாண்டியின் கருமாதிப் பத்திரிகைக்கு பார்டராகப் போயிருந்தது. முதலில் அளவாகத்தான் அடித்திருக்கிறார். மாதிரியைப் பார்த்த சுருளியாண்டியின் மனைவி மொக்கம்மாள், "கறுப்பு பத்தல" என்று சொல்லியனுப்ப, அதன்மேல் இன்னொரு கோட் கொடுத்தார். மை தீர்ந்தது. இப்போது அவர்கள் மகன் சுரேஷ்கண்ணன் தினமும் போன் செய்து திட்டுகிறானாம்.

"பத்திரிகையத் தொட்டவுக கையெல்லாம் கரியாம். அவுக பெரிய மாமன் வேட்டியில தொடச்சிட்டாராம்."

ஷெரின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. மேசையில் சுருளியாண்டி பெயரைத் தப்பாக அடித்த ஒரு கழிவுப் பத்திரிகை கிடந்தது. கையில் இருந்த மீட்டரை அதன் பார்டரில் சும்மா வைத்தாள். மீட்டர் கீச்சென்று கத்தியது.

அன்றே ஆய்வகத்தில் அந்த பார்டரைப் பட்டை பட்டையாக வெட்டி, நடுவில் உப்புக்கூழ் தடவி, முகத்துக்கு முகம் ஒட்டிப் பார்த்தாள். இதுவரை அவள் பிளாஸ்டிக்கில் செய்த எதுவும் இது சேமித்ததில் பாதியைக்கூடச் சேமித்ததில்லை. நம்பாமல் மறுபடி அளந்தாள். மை தாளுக்குள் ஊறி, இரண்டாவது கோட்டில் கனத்து நின்றிருந்தது. காரணம் புரிந்ததும் கவலை வந்தது. ஆய்வைத் தொடரலாமா என்று முடிவுசெய்யத் திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. மை இல்லை. உலகத்தில் மிச்சமிருந்த நல்ல எலக்ட்ரோடெல்லாம் கடமலைக்குண்டில் துக்க வீட்டில் இருந்தது.

ராஜபாண்டி சாதாரண மையில் புதிதாகப் பத்திரிகை அடித்து எடுத்துக்கொண்டார். புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கிவருவது திட்டம். ஷெரின் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனாள். சுரேஷ்கண்ணன் புதிய பத்திரிகையை விரலால் தேய்த்துப் பார்த்துச் சரி என்றான். மொக்கம்மாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது சாம்பலா இருக்கு. பழசுதான் கறுப்பு. நான் தரமாட்டேன்."

"ஆத்தா, கையில ஒட்டுதுன்னுதான..." என்று தொடங்கினான் மகன்.

"ஒட்டட்டும். போன மனுசன் நம்ம கையில ஒட்டுனா என்ன கொறஞ்சு போச்சு?"

ராஜபாண்டி ஷெரினைப் பார்த்தார். ஷெரின் உள்ளதைச் சொன்னாள். மை யாருடையது, எதற்காகச் செய்தது, எப்படி மாறிப்போனது எல்லாம். அவள் பையைத் திறந்து, கழிவுப் பத்திரிகையில் செய்த கருவிகள் மூன்றைக் கோத்து, பேட்டரியில் சிறிது நேரம் சார்ஜ் ஏற்றினாள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு குட்டி சிவப்பு பல்பை மாட்டினாள். எரிந்தது.

மொக்கம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"இது அவுக பத்திரிகையா?"

"ஆமாம்மா. அந்தக் கறுப்புதான்."

"உசுரோட இருந்தப்ப ஒரு ஃபியூஸ் போட மாட்டாக. போயிருச்சுன்னா விடிய விடிய இருட்டுல உக்காந்திருப்பாக." பல்பு மங்கி அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்திரிகையில இருக்குற அவுக படத்துல கத்தரி படக்கூடாது. பார்டர மட்டும் எடுத்துக்க."

நால்வரும் கூடத்தில் உட்கார்ந்து வெட்டினார்கள். ராஜபாண்டியின் கோடு நேராக வந்தது. மொக்கம்மாளுடையது வளைந்து வளைந்து போனது. அவள் வெட்டும்போது இடையிடையே படத்தைப் பார்த்தாள். கறுப்பு போனபின் சுருளியாண்டி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியூர் கிளம்புகிறவர் மாதிரி இருந்தார்.

"இப்படியே இருக்கட்டும்" என்றாள் மகனிடம். "இன்னும் சொல்லாத வீட்டுக்கு இதையே குடு." ராஜபாண்டி கொண்டுவந்த கட்டு பிரிக்கப்படாமலே மூலையில் கிடந்தது. ஷெரினுக்கு வெட்டிய பட்டைகளை எடுத்துவைக்கக் கூச்சமாக இருந்தது. மொக்கம்மாளே அவற்றை ஒரு செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை குழு வந்தது. மதுரையிலிருந்து வந்த நிபுணர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பட்டையின் ஓரத்தில் 'வருந்தும்' என்று ஒரு சொல் தங்கியிருந்தது.

"இது என்னம்மா, வருந்தும்?"

"பழைய தாள் சார். அதுமேல அடிச்சது."

'மறுசுழற்சித் தாளைப் பயன்படுத்தியிருப்பது பாராட்டத்தக்கது' என்று அவர் குறித்துக்கொண்டார். வழிகாட்டிப் பேராசிரியர் இது முதலிலிருந்தே தங்கள் நோக்கம் என்றார். ஆய்வைத் தொடர அனுமதி கிடைத்தது. இதே முறையில் மீண்டும் செய்து காட்டவேண்டும் என்ற நிபந்தனைக்கு ஷெரின் தலையை ஆட்டிவைத்தாள்.

புதன்கிழமை கருமாதிக்கு அவளும் போனாள். கூப்பிடவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, "நீ இவுகளுக்கு என்னத்தா வேணும்?" என்று கேட்டாள். ஷெரின் சோற்றைப் பிசைந்தபடி விழித்தாள்.

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த மொக்கம்மாள் நின்றாள்.

"நம்ம பிள்ளதான். அவுகள வச்சுப் படிக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.