ஞாயிற்றுக்கிழமை ரொஸ்னாவின் கடையில்

யாழ்ப்பாணப் பெற்றோருக்கு மெல்பர்னில் பிறந்த யுகேந்திரன், ஆஸ்திரேலியச் சிப்பாயாக மலேசியாவின் பட்டர்வொர்த் முகாமுக்கு வந்திருந்தான். காவல், ஓட்டம், தூக்கம் என்று நாட்கள் போயின. அங்கே தமிழ் பேச ஒருவரும் இல்லை.

விடுமுறை ஞாயிறன்று ஃபெரியில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு வந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அருகே ஒரு கடையில் நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு சாப்பிட்டான். கல்லாவிலிருந்த ரொஸ்னா, சமையற்காரரைத் தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்தும் அவன் எழவில்லை. மறுபடியும் தேநீர் கேட்டான்.

"யாருக்காச்சும் காத்திருக்கியா தம்பி?" என்றார் ரொஸ்னா.

"இல்லை அக்கா. நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

ரொஸ்னா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பிறகு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"நேத்து பாசார் போற வழியில எங்க கெரெத்தா நின்னு போச்சு லா" என்று தொடங்கினார்.

இடையிடையே மலாய்ச் சொற்கள் வந்ததில் பாதி அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.