அதே பட்டையில் இன்னொரு முறை

திருச்சுழிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் நீளமான தகரக் கொட்டகை ஒன்று. கப்பல்களுக்கான மின்காந்தப் பீரங்கியின் சிறிய மாதிரியை அங்கே ஒரு தனியார் கம்பெனி செய்துகொண்டிருந்தது. வெடிமருந்து கிடையாது. தண்டவாளம் போல இரண்டு செப்புப் பட்டைகள், நடுவே ஓர் அலுமினியத் துண்டு. லட்சக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை ஒரே மூச்சில் பாய்ச்சினால், அந்தத் துண்டு குண்டைத் தள்ளிக்கொண்டு பறக்கும். பட்டைகளைப் பார்த்துக்கொள்வது அருப்புக்கோட்டை சுகப்பிரியாவின் பொறுப்பு.

பறக்கவைப்பது பெரும்பாடாக இல்லை. அதற்கப்புறம்தான் வம்பு. ஒவ்வொரு முறை சுட்டதும் பட்டைகள் ஒன்றையொன்று உதறித் தள்ளி போல்ட்டுகளை நெகிழ்த்தின. உருகிய அலுமினியம் செம்பில் அப்பிக்கொண்டது. பூனை பிறாண்டியது போலப் பள்ளம் விழுந்தது. நடுக்கடலில் நிற்கும் கப்பல் குண்டுக்கொரு தரம் பட்டை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

கடற்படை அதிகாரி பிரவீணா பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்து கப்பலிலேயே பொருத்திப் பார்க்கலாம். திட்டத் தலைவர் தனுஷ்கோடி, புதுப் பட்டை போட்டு ஒரே ஒரு முறை சுட்டுக் காட்டிவிட்டுச் சாப்பிடக் கூட்டிப் போய்விடலாம் என்றார். கேட்டால் மறைக்க வேண்டாம், கேட்காததை நாமாக எடுத்துச் சொல்லவும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். சுகப்பிரியாவுக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சொன்னபடி புதுப் பட்டையைப் பொருத்தினாள்.

பிரவீணா வந்த அன்று காலை, அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் ஆண்டிச்சாமிக்குப் போன் போட்டு மந்தையை விலக்கச் சொன்னார்கள். சங்கு ஊதியது. கொட்டகை அதிர்ந்தது, குண்டு பாய்ந்து தூரத்து மண்மேட்டில் புழுதி எழும்பியது. பிரவீணா சிரித்தபடி பாராட்டினார். தனுஷ்கோடி காரைக் கொண்டுவரச் சொன்னார்.

"மேடம், அதே பட்டையில இன்னொருக்கா சுடுறோம். அதையும் பாத்துட்டுப் போங்க," என்றாள் சுகப்பிரியா.

தனுஷ்கோடி அவளைத் திரும்பிப் பார்த்தார். பிரவீணா தலையாட்டவும், காரை நிற்கச் சொன்னார்.

மின்சாரம் சேரும்வரை காத்திருந்து மறுபடி சுட்டார்கள். குண்டு மேட்டின் ஓரத்தைச் சீய்த்துக்கொண்டு கருவேலம் புதருக்குள் விழுந்தது. சூடு ஆறியதும் அவள் பட்டைகள் இருந்த குழலைப் பிரித்துக் காட்டினாள். பிரவீணா குனிந்து பள்ளத்தை விரலால் தடவினார். கடலின் உப்புக்காற்றும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். இன்னும் மோசமாகும் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

"கப்பல்ல ஏத்தினப்புறம் இது நடந்திருந்தா, பக்கத்துல என் ஆளுங்கதான் நின்னிருப்பாங்க," என்றார் பிரவீணா. குரலில் கோபம் இல்லை.

கப்பல் சோதனை தள்ளிப்போனது. தனுஷ்கோடி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. வேலை போனாலும் போகும் என்று அவள் வீட்டில் சொல்லி வைத்தாள். ஆனால் கடற்படையிலிருந்து வேறு முடிவு வந்தது. பீரங்கியைப் பெரிதாக்க வேண்டாம், முதலில் பட்டை தாங்குவதற்கு வழி பாருங்கள், அதற்கு நாங்கள் துணை நிற்கிறோம் என்றார்கள்.

தனுஷ்கோடி அவள் மேசைக்கே வந்தார்.

"உன் மேல எனக்குக் கோவந்தான், தங்கச்சி. அதுக்காக வேலைய நிறுத்த முடியுமா? எதுல ஆரம்பிக்கலாம்?"

"செம்பு மேல டங்ஸ்டன் கலந்த பூச்சு ஒண்ணு போட்டுப் பாப்போம்ணே."

முதல் பூச்சு உரிந்துகொண்டு வந்தது. அடுத்தது கொஞ்சம் தாங்கியது. மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரே பட்டையில் நாலு குண்டு நேராகப் போயின. கப்பலுக்கு அது எந்த மூலைக்கு? என்றாலும் அன்று வேலை முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. ஐந்தாவது ஏன் சறுக்கியது என்று கொட்டகை வாசலில் பேசிக்கொண்டே நின்றார்கள்.