இடது கன்னத்து மச்சம்

எக்ஸ்ரே எடுப்பவனுக்கு வலது இடது தப்பக் கூடாது. படத்தின் ஓரத்தில் பக்கத்தைக் குறிக்கும் எழுத்து மாறினால் நல்ல காலில் கத்தி விழும். அப்படிப்பட்டவனுக்குத்தான் பெண்டாட்டியின் கடைசி முகத்தில் பக்கம் குழம்பியது.

வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் வலது கன்னத்து மச்சத்தில் முத்தமிடுவான். ஆஸ்பத்திரியில் கழுத்துவரை போர்த்திக் கிடத்தியிருந்தபோதும் உதடு தானாக அங்கேதான் போனது. மச்சம் இல்லை. இடது கன்னத்தில் இருந்தது. கண்ணீரில் கண் தடுமாறுகிறது என்று நினைத்து அங்கே முத்தமிட்டான். சில்லென்று, ரப்பர் போல இருந்தது.

"போதும் அத்தான், வாங்க" என்று மச்சினன் தோளைப் பிடித்து இழுத்தான். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வயிற்றில் ஒரு சொல் தங்காது.

சில மாதங்கள் கழித்து, துணிகளுக்கு நடுவே கிடந்த அவள் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினான். கண்ணாடி முன் நின்று அவளே எடுத்த படம் ஒன்று. கண்ணாடிக்குள் மச்சம் இடது கன்னத்துக்கு மாறியிருந்தது. மூளைச்சாவு என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் அந்தப் படம் ரேடியோவுக்குப் போயிருந்தது. அவள் அனுப்பியிருக்க முடியாது.

ரேடியோ வேன் கழுவிக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"எதுக்குடா இது?"

"முகமூடிக்கு அத்தான்."

"என்ன முகமூடி?"

"முகத்தைத் தானமா எடுத்துட்டா, பார்க்க வர்றவங்களுக்காக அச்சு எடுத்து ஒண்ணு செஞ்சு வைப்பாங்க. நிறம், மச்சமெல்லாம் தீட்டப் படம் கேட்டாங்க."

"கண்ணுக்கும் கிட்னிக்கும்தானே நான் சரின்னேன்?"

"முகத்துக்கு அக்காவே முன்னாடி எழுதிக் கொடுத்திருந்தா. தீக்காய வார்டு நர்ஸ் இல்லையா? பெத்த பிள்ளையே பார்த்து அலறுற முகத்துக்கெல்லாம் தினம் கட்டுப் போட்டவ. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"ஊருக்கே ஒலிபரப்புற வாய். இதை மட்டும் எப்படிடா முழுங்கினே?"

ரேடியோ ஈரக் கையை வேட்டியில் துடைத்தான்.

"கேட்டிருந்தா சரின்னிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டான். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டே தெரிந்து வைத்திருக்கிறாள்.

"ரப்பருக்கு முத்தம் கொடுத்தேன். நீ பக்கத்துல நின்னு பார்த்தே."

 ரேடியோ வேன் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"முகத்தை வாங்கிக்கிட்ட பொண்ணு உங்களைப் பார்க்கணும்னு சொல்லுதாம். அக்கா ஜாடை இருக்காதாம், எலும்பு அந்தப் பொண்ணோடது இல்லையா. மச்சம் மட்டும் அப்படியே இருக்காம்."

"எந்தப் பக்கம்?"

"வலது."

"வர மாட்டேன்னு சொல்லிடு."

வீட்டுக்கு வந்து, செல்போனில் அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பினான். மச்சம் வலது கன்னத்துக்கு வந்தது. அவள் அவளாகச் சிரித்தாள். குனிந்தவன், கண்ணாடித் திரையும் சில்லென்றுதான் இருக்கும் என்று நிமிர்ந்துகொண்டான்.