பங்களா மேசை

பிடுங்கி எறிந்த கிழட்டுத் தேயிலைச் செடிகளின் கட்டைகளை அறுத்து ஒட்டி, மேசை நாற்காலி செய்வது என் தொழில். பொகவந்தலாவைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை தன் பங்களாவுக்குச் சாப்பாட்டு மேசை கேட்டார். அவருக்கு என் முகம் ஞாபகமில்லை. பலகைகளை அறைக்குள் கொண்டுபோய், கழற்ற முடியாதபடி அங்கேயே ஒட்டினேன்.

துரை தடவிப் பார்த்தார். "நல்ல மரம். எங்க எடுத்த?"

"ஒங்க ஆறாம் நம்பர் மலையிலதாங்க. எங்கம்மா அந்தோனியம்மாவ அங்கதான் குளவி கொட்டுச்சு. கொழுந்து ஏத்தி முடிக்காம ஆஸ்பத்திரிக்கு லொறி தர மாட்டேன்னீங்க. இந்தச் செடிங்களுக்கு நடுவுலயே செத்துப்போனாங்க."

அவர் சட்டென்று கையை எடுத்தார். "இத வெளிய கொண்டு போ."

"போகாதுங்க. ஒங்க வாசல அளந்துட்டுத்தான் மேசையச் செஞ்சேன்."