பிரித்த நூல்

தையல்காரிக்குப் பிள்ளைகுட்டி இல்லை. பொத்தான்தான் எல்லாம். பொத்தான் என்றால் பூனை. அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அவள் படுகிற பாடு இருக்கிறதே, அடேயப்பா! தரை துடைக்கிற மருந்தை மாற்றினாள். கொசுவத்தியை நிறுத்தினாள். லில்லிச் செடியைத் தொட்டியோடு தூக்கி எறிந்தாள். துணி கொடுக்க வருகிறவர்களுக்கு உபதேசம் வேறு: "பூனை இருக்கிற வீட்ல அந்தச் செடி ஆகவே ஆகாதுக்கா."

"என்னை இப்படிப் பாத்துக்கிட்டா நான் நூறு வயசு இருப்பேன்" என்பார் அவள் வீட்டுக்காரர்.

முந்தாநாள் பொத்தானுக்கென்று சாயம் போடாத பருத்தியில் ஒரு மெத்தை தைத்தாள். தையல் கோணிவிட்டது. பிரித்தாள். உருவிய நூலை, பார்க்காமலே, மெஷினுக்கு அடியில் போட்டாள். இருபது வருஷப் பழக்கம் அது. நூலைப் பல்லால் கடிப்பாள், நுனியைத் தூ என்று தரையில் துப்புவாள், பொழுது சாய்ந்தபின் கூட்டுவாள்.

இன்று காலை பொத்தான் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகியது. மஞ்சளாக வாந்தி எடுத்தது. வாயை முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. தையல்காரி வாயைத் திறந்து பார்த்தாள். நாக்குக்கு அடியில் நூல் சுற்றியிருந்தது. ஒரு முனை தொண்டைக்குள் போயிருந்தது.

தொங்குகிற நூலைக் கண்டால் அவள் கை யோசிக்குமா? இழுத்தது. இரண்டு அங்குலம் வந்து நின்றது. பொத்தான் அலறிய அலறலில் நூலை விட்டுவிட்டாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்தார். "ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, வழுக்கிட்டு வந்துடும்."

"நீங்க சும்மா இருங்க. டாக்டரைக் கேக்கிறேன்."

போனில் டாக்டரம்மா பதறினாள். "எண்ணெய் கிண்ணெய் எதுவும் வேண்டாம். நூலை இழுக்காதீங்க, வெட்டாதீங்க. உள்ள குடலை அறுத்துடும். இழுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

எப்படித்தான் அந்தப் பொய் வாயில் வந்ததோ. வண்டியில் போகிற வழியெல்லாம் கூடையை மடியில் அணைத்தபடி, ஒவ்வொரு குலுங்கலுக்கும் மூடியைத் திறந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். பொத்தான் முனகக்கூட இல்லை.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தாள். ஸ்கேன் எடுத்தாள். "குடல் சுருக்கு வெச்ச துணி மாதிரி இருக்கு."

தையல்காரிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுருக்கு நூலை இன்னும் கொஞ்சம் இழுத்தால் துணி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?

"ரொம்ப வாடிப்போயிருக்கு. இன்னிக்கு குளுக்கோஸ் ஏத்தித் தேத்திட்டு, நாளைக்கு ஆபரேஷன் பண்ணா மயக்க மருந்தைத் தாங்கும். ஆனா நூலை இழுத்திருந்தா காத்திருக்க முடியாது. நிச்சயமா யாரும் இழுக்கலையே?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "சேச்சே, இவளா? இவ அதைக் கண்ணுக்குள்ள வெச்சு வளக்கிறா."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இழுத்தேன் டாக்டர். நான்தான். போன்ல பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

இரண்டு மணிநேரம் ஆயிற்று. கதவு திறந்தது.

"ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை. தைச்சுட்டேன். நாளைக்குன்னு விட்டிருந்தா பிழைச்சிருக்காது" என்றாள் டாக்டரம்மா. தட்டில் கிடந்த நூலைக் காட்டினாள். சாயம் போடாத பருத்தி. மெத்தையிலிருந்து உருவியது. தையல்காரி அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஐந்தாம் நாள் பொத்தான் வீட்டுக்கு வந்தது. புண்ணை நக்காமலிருக்க அதன் வயிற்றுக்கு ஒரு சட்டை தைத்தாள். முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள். நுனி நாக்கில் ஒட்டியது. உதடு தானாகக் குவிந்தது.

எங்கிருந்துதான் வந்தாரோ, வீட்டுக்காரர் அவள் வாய்க்கு நேராக உள்ளங்கையை நீட்டினார்.

"இங்க துப்பு."