மலைச்சரிவில் ஒரு சோதனைச்சாவடி

கலிஃபோர்னியாவில் லிவர்மோரைத் தாண்டி மலைகளுக்குள் போகும் பழைய ரோட்டில், ஜூலை வெயிலில் காய்ந்து கிடந்த புல்வெளியைப் பார்த்ததும் ஹிபோ காரை நிறுத்தச் சொன்னாள். மொகதிஷுவிலிருந்து தெற்கே போகும் ரோடு இப்படித்தான் இருக்கும் என்றாள்.

சோமாலியாவில் போர் முற்றியபோது அவள் குடும்பம் ஒரு பஸ்ஸில் ஏறித் தப்பியது. வழியில் ஆயுதக்காரர்கள் பஸ்ஸை மறித்து அவளுடைய அப்பாவை மட்டும் இறக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. அமெரிக்கா வந்து, சான் பிரான்சிஸ்கோவில் சினிமா படித்து, இரண்டு குறும்படங்கள் எடுத்துவிட்டு, 1998இல் தன் முதல் முழுநீளப் படத்தைத் தொடங்கியிருந்தாள். அந்தப் பஸ்தான் படத்தின் நடுப்பகுதி.

கேமரா துவாரகா. ஹிபோவோடு படித்த யாழ்ப்பாணத்துப் பெண், ஃப்ரீமான்டில் இருந்தாள். அவள் கணவன் ஷாந்தன் வாரநாட்களில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தான், சனி ஞாயிறில் நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ்ஸை மறிக்கும் துப்பாக்கிக்காரனாக நடிக்க யூசுஃப் ஒப்புக்கொண்டிருந்தார். சான் ஹோசே ஏர்போர்ட்டில் டாக்ஸி ஓட்டும் சோமாலியாக்காரர், இதற்குமுன் நடித்ததில்லை. பஸ்ஸுக்குள் உட்கார அவருடைய உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள்.

நிலத்துக்காரர் வாயால் சரி என்று சொல்லியிருந்தார். போலீஸுக்குத் தெரிவித்து பெர்மிட் வாங்க வேண்டும் என்பது ஹிபோவுக்குத் தெரியும். பெர்மிட் என்றால் இன்ஷூரன்ஸ் கேட்பார்கள், அதற்குக் கையில் பணமில்லை. ஒரு காலைப்பொழுதுதானே, எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தாள்.

பழைய ஸ்கூல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. யூசுஃப் மரத் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பயணிகளை ஒவ்வொருவராக இறக்கினார். மேலே ரோட்டில் போன கார் ஒன்று வேகம் குறைந்து, மறுபடி வேகம் பிடித்துப் போனதைத் துவாரகா மட்டும் கவனித்தாள். அதை அவள் சொல்லவில்லை. ஷாட் நன்றாக வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தடவை எடுக்கும்போது போலீஸ் கார்கள் சைரன் இல்லாமல் வந்து நின்றன. கதவுகளுக்குப் பின்னால் குனிந்தபடி துப்பாக்கிகளை நீட்டி, ஆயுதத்தைப் போடச் சொல்லிக் கத்தினார்கள். பயணிகள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்ஸின் இரைச்சலில் யூசுஃபுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு நின்றார்.

ஷாந்தன் கம்பை மெதுவாகக் கீழே வைத்தான். பதினெட்டு வயதுவரை யாழ்ப்பாணத்தில் இருந்தவன் அவன்.

"துவாரகா, கமராவில இருந்து கையை எடும்," என்றான் தணிந்த குரலில். "ரெண்டு கையும் அவங்களுக்குத் தெரியட்டும். ஓடாதையும்."

அவள் கைகளைத் தூக்கினாள். ஸ்டாண்டில் இருந்த கேமரா தானாக ஓடிக்கொண்டிருந்தது.

யூசுஃப் திரும்பினால் சுடுவார்கள். அது ஹிபோவுக்கு ஒரு நொடியில் புரிந்தது. போலீஸ் என்று கத்தினால் அவர் கட்டாயம் திரும்புவார். அவள் கைகளை உயர்த்திக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே தெரியும்படி இரண்டடி நகர்ந்து, ஷூட்டிங்கில் எப்போதும் பேசும் அதே குரலில், சோமாலி மொழியில் உரக்கச் சொன்னாள்: "யூசுஃப், காட்சியை மாத்திட்டேன். பின்னாடி பார்க்கக் கூடாது. துப்பாக்கியை மெல்லக் கீழ வைங்க. அப்படியே முட்டி போடுங்க."

யூசுஃப் தலையசைத்தார். துப்பாக்கியைக் கீழே வைத்தார், முட்டி போட்டார். நன்றாகச் செய்கிறேனா என்று கேட்பதுபோல அவளைப் பார்த்தார். பின்னால் பூட்ஸ் சத்தம் நெருங்கி, கைகள் முதுகுக்கு முறுக்கப்பட்டபோதுதான் அவர் முகம் மாறியது.

மரத் துப்பாக்கி என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். கடுமையாகத் திட்டி, அபராதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். யூசுஃப் மணிக்கட்டைத் தேய்த்தபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

கழுவி வந்த ஃபிலிமில் எல்லாம் இருந்தது. போலீஸ் ஃப்ரேமுக்கு வெளியே. உள்ளே யூசுஃபின் முகம் மட்டும். நம்பிக்கை, பிறகு குழப்பம், பிறகு நடுக்கம். எடிட்டிங் அறையில் பார்த்த ஒரு பெரிய திரைப்பட விழாக்காரர், இந்த ஒரு ஷாட்டுக்காகவே படத்தை எடுத்துக்கொள்வேன் என்றார்.

அதைப் படத்தில் வைப்பதா என்று ஹிபோ தயங்கினாள்; வைத்தே ஆக வேண்டும் என்று துவாரகா அன்று வீட்டுக்கு வந்து கணவனிடம் வாதாடினாள். "அந்த ஷொட் இல்லாட்டிப் படமே இல்லை, ஷாந்தன்."

"அதில என்ர முகம் விழுந்திருந்தா?"



ஹிபோ பல நாள் தூங்கவில்லை. அப்பாவை இறக்கிய அந்தக் கணத்தை அவள் பார்த்ததில்லை. அம்மா அவள் முகத்தை மடியில் அழுத்திக்கொண்டுவிட்டாள். அன்று பார்க்காத அப்பாவின் முகம் இப்போது யூசுஃபின் முகமாக அவள் கையில் இருந்தது. கடைசியில் யூசுஃபைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள்.

அவர் முழுவதும் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு சோமாலியில் மெதுவாகப் பேசினார்.

"உயிரைக் காப்பாத்தினே. அதுக்கு உனக்காகத் தினமும் துஆ கேட்கிறேன். ஆனா நடிப்புன்னு சொல்லித்தான் முட்டி போட வெச்சே. நானும் நடிக்கிறதா நினைச்சுத்தான் போட்டேன். இதை என் பிள்ளைங்க பார்க்க வேண்டாம்."

ஹிபோ அந்த ஷாட்டை வெட்டினாள். துவாரகா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பெரிய விழா படத்தை மறுத்துவிட்டது. அடுத்த வருடம் ஓக்லண்டில் ஒரு சிறிய அரங்கில் திரையிட்டார்கள். சோதனைச்சாவடிக் காட்சி பாதியில் அறுந்ததுபோல் முடிகிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. எழுதியது சரிதான்.

யூசுஃப் குடும்பத்தோடு வந்திருந்தார். திரையில் அவர் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். காட்சி மாறியதும் சின்னவள், அப்பா மறுபடி எப்போது வருவார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவ்வளவுதான், இனி வரமாட்டேன் என்றார் அவர்.

பின்சுவரில் சாய்ந்து நின்ற ஹிபோ அதைக் கேட்டாள். படம் முடியும்வரை அங்கேயே நின்றாள்.